கோரைத்தீவுக்குத் தெற்கே

"போனைத் தொடாதீங்க! யாரும் இந்தப் போனைத் தொடாதீங்க!"

இளவரசி போட்ட கூச்சலில், ஆரிப்பின் கத்தி சங்கரா மீனின் வயிற்றில் பாதியிலேயே நின்றது. பக்கத்தில் இறாலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த சர்தார்ஜி, தன்னைத்தான் சொல்கிறாளோ என்று இரண்டு கைகளையும் உயரத் தூக்கினார்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. போனின் ஓரங்களை மட்டும் விரல் நுனிகளால் பிடித்து, திரையில் கன்னம் பட்டுவிடாமல் காதருகே நிறுத்திக்கொண்டாள்.

"ஏங்க, கேக்குதா? இருக்கீங்களா?"

"இருக்கேன்." சிவகுமாரின் குரல்தான். ஆனால் பற்கள் தந்தியடித்தன. "அரசி, கட் பண்ணிடாதே. கட் ஆச்சுன்னா அவ்வளவுதான். என்னால திரும்பக் கூப்பிட முடியாது."

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டேகால் மணி. டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் மீன் சந்து அப்போதுதான் சூடுபிடித்திருந்தது. செவ்வாய்க்கிழமை ஊரிலிருந்து திரும்பும் புருஷனுக்கும் மகளுக்கும் இப்போதே சங்கரா வாங்கி ஃப்ரீஸரில் போட்டுவைக்கட்டுமா என்று கேட்கத்தான் அவள் போன் செய்தாள். அந்தப் பக்கம் எடுத்ததும் காற்றின் இரைச்சல். பிறகு, மூச்சு வாங்க நாலே வாக்கியம்.

கயாக் கவிழ்ந்துவிட்டது. கவிழ்ந்த கயாக்கின் முதுகில் படுத்திருக்கிறேன். துடுப்பு போய்விட்டது. காற்று கடலுக்குள் தள்ளுகிறது.

டெல்லியிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, ராமநாதபுரம் கடற்கரை. மூக்கையன்துறை என்ற மீனவ கிராமம். அதற்கு எதிரே கோரைத்தீவு. அரை மணியில் சுற்றி வந்துவிடக்கூடிய துக்கடாத் தீவு. சுற்றிலும் கண்ணாடி மாதிரித் தண்ணீர், அடியில் பவளப்பாறை. கயாக் என்ற ஒடிசலான துடுப்புப் படகில் போய், மூச்சுக்குழாயும் முகமூடியும் மாட்டிக்கொண்டு மீன் பார்க்கலாம் என்று ஆறு மாதமாக உருப்போட்டுக்கொண்டிருந்தார் சிவகுமார். பொதுத்துறை வங்கியில் மேனேஜர். இதற்காகவே ஜனக்புரி வீட்டிலிருந்து வாரம் மூன்று நாள் நீச்சல் குளத்துக்குப் போய் நீந்தக் கற்றுக்கொண்ட மனிதர்.

இளவரசியும் போயிருக்க வேண்டியவள்தான். மத்திய சர்க்கார் செக்‌ஷன் ஆபீசருக்கு பார்லிமெண்ட் நடக்கும்போது லீவு ஏது? கேள்விகளுக்கு பதில் தயாரிக்கிற செக்‌ஷனில் ஒருவர் தும்மினால்கூட அண்டர் செக்ரட்டரியிடம் அனுமதி வாங்க வேண்டும். டிக்கெட் போட்ட பிறகு அவள் லீவு கேன்சல். அப்பாவும் மகளும் மட்டும் கிளம்பினார்கள். ரயிலேற்றிவிடும்போது அவள் சொன்னது ஒன்றுதான்: "நீங்க எப்படியோ போங்க. சிந்துவைக் கடல்ல இறக்கக் கூடாது. என் மேல சத்தியம்." சிந்துவுக்கு ஒன்பது வயது. நீச்சல் குளத்தில் இடுப்பளவுக்கு மேல் இறங்கினதில்லை.

அதுதான் முதலில் வாயில் வந்தது.

"சிந்து எங்க?"

காற்று ஒரு கணம் இரைந்தது.

"ரூம்ல… தூங்கறா. தங்கம் அக்கா பாத்துக்கறாங்க."

தங்கம் அக்கா, அவர்கள் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரி. இளவரசிக்குப் போன மூச்சில் பாதி திரும்பி வந்தது.

"நீங்க ஏன் திரும்பக் கூப்பிட முடியாது?"

"போன் கழுத்துல பிளாஸ்டிக் பைக்குள்ள தொங்குது. உள்ள தண்ணி போயிடுச்சு. ஸ்கிரீன் வேலை செய்யல. நீ கூப்பிட்டப்ப வால்யூம் பட்டனை அமுக்கினேன், எடுத்துக்கிச்சு."

அவளுக்குப் புரிந்தது. ஜனவரிக் குளிரில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் கையுறையைக் கழற்றாமல் போனை எடுப்பதற்காகச் செய்துவைத்த ஏற்பாடு அது. பட்டனால் எடுக்கலாம். கூப்பிட முடியாது. இந்த ஒரு போன் கால்தான் அவருக்கும் உலகத்துக்கும் நடுவில் இருக்கும் கயிறு. அவள் சார்ஜைப் பார்த்தாள். ஒன்பது சதவீதம்.

பிளக் எங்கே என்று சுவர்களைத் தேடினாள்.

"அக்கா, க்யா ஹுவா?" ஆரிப் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பலகையைத் தாண்டி வந்தான். பழைய டெல்லிக்காரன். இருபது வருஷமாகத் தமிழ் வாடிக்கையாளர்களிடம் மீன் விற்று, வஞ்சிரம், சங்கரா, நெத்திலியோடு கொஞ்சம் தமிழும் சேர்த்துக்கொண்டவன். "வீட்ல யாருக்கு என்னா?"

"சார் கடல்ல மாட்டிக்கிட்டாரு, ஆரிப் பையா. போட் கவுந்துடுச்சு. உங்க போனைக் குடுங்க, ஜல்தி! சார்ஜர் இருக்கா?"

சார்ஜர் இருந்தது. ஆனால் வயர் ஒரு முழம். சுவரில் தராசுக்கு மேலே பிளக். ஆரிப் தராசைப் பிடுங்கினான், அவள் போனைச் சொருகினான். மீன் பலகைக்கும் சுவருக்கும் நடுவில், ஐஸ் உருகிய தண்ணீரில் செருப்பு முழுக, பாதி குனிந்து, தலையைச் சுவரோடு ஒட்டி நின்றாள் இளவரசி. அந்த நிலையிலிருந்து அடுத்த ஒரு மணி நேரம் அவள் நிமிரப்போவதில்லை என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

இன்னொரு காதில் ஆரிப்பின் போன். அவசர எண்ணை அவன்தான் அழுத்திக் கொடுத்தான். டெல்லியில் எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுத் தமிழ்நாட்டுக்குத் தொடர்பு கொடுத்தாள். அங்கிருந்து கடலோரக் காவல். எல்லாரும் நல்லவர்கள்தான், சட்டுசட்டென்று குறித்துக்கொண்டார்கள். ஆனால் கடைசியாகப் பேசியவர் உள்ளதைச் சொன்னார்: "போட் கிளப்பிட்டோம்மா. ஆனா அங்க வந்து சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆகும். பக்கத்துல மீனவங்க யாராச்சும் இருந்தா அவங்களையும் சொல்லிப் பாருங்க."

முக்கால் மணி நேரம்.

"ஏங்க, தீவு தெரியுதா?"

"தெரியுது. ஆனா…" அவர் நிறுத்தினார். "மரமெல்லாம் சின்னதாயிட்டே போகுது."

"எப்படிங்க கவுந்துச்சு?"

"தீவு ஓரமா கயாக்கை நிறுத்திட்டு, மாஸ்க் மாட்டிக்கிட்டு இறங்கினேன். அஞ்சு நிமிஷம்தான் மீன் பாத்திருப்பேன். தலையைத் தூக்கினா, அது போய்க்கிட்டே இருக்கு. காத்து இழுத்துட்டுப் போகுது."

"கட்டி வெக்கலையா?"

கட்டவில்லை. குளத்தில் நீச்சல் படித்தவர். குளத்தில் எதுவும் நகர்ந்து போகாது. கரோல் பாக்கில் கடை வாசலில் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே போவது போல, நடுக்கடலில் கயாக்கை நிறுத்திவிட்டு இறங்கியிருக்கிறார். காலையில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றை, டெல்லியில் யார் சொல்லித்தந்தார்கள்?

"துரத்திட்டு நீந்தினேன். பிடிச்சு ஏறப் போனப்பதான் கவுந்துச்சு."

இளவரசிக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பயம் முற்றினால் அவளுக்கு அப்படித்தான் வரும்.

"தீவு பக்கத்துலதானே இருந்துச்சு? போனாப் போகுதுன்னு விட்டுட்டுத் தீவுல ஏறி உக்காந்திருக்கலாமில்ல? வாடகைக்கு எடுத்த ஒரு பிளாஸ்டிக் படகுக்காகவா உயிரை வெச்சு நீந்துவீங்க? அப்படி என்ன பொக்கிஷம் இருந்துச்சு அதுல?"

அலை கயாக்கின் அடியில் மோதும் ஓசை மட்டும் கேட்டது. தளக், தளக்.

"ஏங்க? இருக்கீங்களா?"

"இருக்கேன். திட்டு. நல்லா திட்டு. பேசிட்டே இரு."

"லைஃப் ஜாக்கெட் இருக்கா?"

"இருக்கு."

அப்போதுதான் அவள் கண் தற்செயலாகக் கீழே போனது.

கால் பக்கத்தில் அடுக்கியிருந்த தெர்மாகோல் பெட்டிகளில் மேலே இருந்த ஒன்று. அதன் மூடியில் கறுப்பு மார்க்கரில், கோணல்மாணலாகத் தமிழ் எழுத்து. *ஜோதிலிங்கம். மூக்கையன்துறை.* கீழே பத்து இலக்க எண். ரயிலில் பெட்டி தவறிப்போனால் கண்டுபிடிப்பதற்காக, மீன் அனுப்புகிறவர்கள் எழுதுவது வழக்கம்.

ஐயோ, இதை எப்படி மறந்தாள்! இந்தப் பெட்டிதானே எல்லாவற்றுக்கும் காரணம்! ஞாயிறு தவறாமல் மீன் வாங்க வந்து, ஆரிப் செதில் சுரண்டும் நேரமெல்லாம் இந்த ஊர்ப் பேரைப் படித்துப் படித்துத்தானே, "மூக்கையன்துறையாம், எங்கடா இருக்கு பாப்போம்" என்று மேப்பில் தேடி, அங்கே ஒரு தீவையும் கயாக்கையும் கண்டுபிடித்தார் சிவகுமார்!

"ஆரிப் பையா! இந்த நம்பர்! இந்த நம்பரைப் போடுங்க!"

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை!"

இரண்டாவது முறை, ஐந்தாவது மணியில் எடுத்தார் ஒருவர். எடுத்ததும் பொரிந்து தள்ளினார். "ஆரிப் பாய், ஞாயித்துக்கெழமையாச்சும் மனுசன நிம்மதியா காப்பி குடிக்க விட மாட்டீகளா? ஐஸ் நல்லாத்தான் போட்டு அனுப்புனேன். ரயிலு லேட்டானா அதுக்கு நானா பொறுப்பு?"

"அண்ணே, நான் ஆரிப் இல்ல. டெல்லிலேர்ந்து பேசறேன். உங்க ஊர்க் கடல்ல என் வீட்டுக்காரர் கவுந்து கிடக்கறாரு அண்ணே!"

காப்பி டம்ளர் கீழே வைக்கப்படும் சத்தம்.

"யாரு? தங்கம் வீட்டுல தங்கியிருக்காகளே, டெல்லிக்காரரு, அவுகளா?"

"அவரேதான்!"

"காலையில கரையில பாத்தேனே. விடியிற நேரம். நானே சொன்னேன், என்ன சார் இப்பிடி…" ஜோதிலிங்கம் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பிறகு, "சரி, அதெல்லாம் இப்பம் எதுக்கு. எங்கன கெடக்காரு?"

"தீவைத் தாண்டிக் கடல் பக்கம் போயிட்டே இருக்காராம். கயாக்கைப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. போன்ல என்கூடப் பேசிட்டுத்தான் இருக்காரு. ஒரு படகு அனுப்புங்க அண்ணே. உங்க கால்ல விழறேன்."

"அட, கால்ல எதுக்கும்மா விழுறீக. சங்கடம் என்னன்னா, இன்னைக்கு ஞாயிறு. ஒரு வள்ளமும் தொழிலுக்குப் போகல. எஞ்சினெல்லாம் வீட்டுல கெடக்கு. ஊரே மாதா கோயில்ல பூசையில இருக்கு. நான் ஒருத்தன்தேன் வெளிய நிக்கேன், நான் நம்ம கருப்பசாமி கும்புடுற ஆளு. இருங்க. இருங்க. வச்சுறாதீக."

அவர் ஓட ஆரம்பித்தது அவளுக்குக் கேட்டது. மணலில் செருப்பு சதக் சதக்கென்று. ஒரு நாய் துரத்திக் குரைத்தது. தூரத்தில் பலர் சேர்ந்து பாடும் பாட்டு நெருங்கி வந்தது.

இந்தக் காதில் பாட்டு. அந்தக் காதில் அலை.

அந்த நேரம் பார்த்து, அலை ஓசையை வெட்டிக்கொண்டு *டிக், டிக்* என்றது. இளவரசி திரையைப் பார்த்தாள். இன்னொரு கால் வருகிறது. ராஜகோபாலன் சார். அவளுடைய அண்டர் செக்ரட்டரி. திங்கட்கிழமைக்கான கேள்விக்கு பதில் தயாரா என்று கேட்க ஞாயிறு காலையில் கூப்பிடும் மகானுபாவர்.

பச்சையும் சிவப்பும் திரையில் துடித்தன. சிவப்பைத் தொட்டால் ஒரு கால் போகும். ஆனால் எந்தக் கால்? ஈரக் கை. மீன் பிசுக்கு. விரல் ஒரு நூல் தள்ளிப் பட்டால் கணவரின் கால் ஹோல்டில் போகும். அவர் கட் ஆகிவிட்டதென்று நினைத்தால்? பதற்றத்தில் ஏதாவது பட்டனை அமுக்கி, நிஜமாகவே கட் ஆகிவிட்டால்?

அவள் தொடவில்லை. போனைச் சுவரோடு பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நாற்பது விநாடி ராஜகோபாலன் சாரை அடிக்கவிட்டாள். நின்றது. அப்பாடா என்பதற்குள் மறுபடியும் *டிக், டிக்*.

"செத்துத் தொலைங்க சார்!" என்றாள் இளவரசி, பன்னிரண்டு வருஷ சர்வீஸில் முதல் முறையாக.

"யாரைச் சொல்ற?" என்றார் சிவகுமார் பலவீனமாக.

"உங்களை இல்ல. நீங்க இருங்க."

ஜோதிலிங்கத்தின் பக்கத்தில் பாட்டு நடுவாக்கில் அறுந்தது. சலசலப்பு. பிறகு ஊரெல்லாம் கேட்கும் ஒலிபெருக்கியில் ஒரு நிதானமான குரல், சாமியாராக இருக்க வேண்டும்: "கோரைத்தீவுக்குத் தெற்கே ஒருவர் படகு கவிழ்ந்து கிடக்கிறாராம். வள்ளம் வைத்திருப்பவர்கள் எழுந்திருங்கள். பூசை காத்திருக்கும்."

நூறு பேர் ஒரே நேரத்தில் எழுந்திருக்கும் சத்தம் எப்படி இருக்கும் என்பதை இளவரசி அன்று டெல்லியில் நின்றபடி கேட்டாள்.

"ரெண்டு வள்ளம் எறங்குது," என்றார் ஜோதிலிங்கம் மூச்சிரைக்க. "எஞ்சின மாட்ட பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசம் அவுக கைய விடாம இருந்தாப் போதும்."

"அண்ணே, இன்னொண்ணு. தங்கம் அக்காவும் பூசைக்கு வந்திருந்தா என் பொண்ணு வீட்டுல தனியா இருப்பா. யாரையாச்சும் அனுப்பிப் பாத்துக்கச் சொல்லுங்க. அப்பாவைக் காணோம்னா பயந்துடுவா."

ஜோதிலிங்கத்தின் மூச்சிரைப்பு சட்டென்று நின்றது.

"பாப்பாவா?"

"ஆமா. சிந்து."

"ம். சரிம்மா. பாத்துக்கிருவோம். நீங்க இந்தச் சோலியக் கவனிங்க."

"அரசி," என்றார் மற்றக் காதில் சிவகுமார். "ஏதாவது சொல்லு. சத்தமா."

"படகு வருதுங்க. பத்தே நிமிஷம்."

"அது சரி. வேற ஏதாவது. சிந்துவுக்கு ராத்திரி சொல்லுவியே, ஒட்டகம் மெட்ரோ ஏறின கதை. அதைச் சொல்லு."

"உங்களுக்கென்ன பைத்தியமா?"

"தூக்கம் வருது அரசி. கையெல்லாம் மரத்துப்போச்சு. தூங்கிடக் கூடாது. நல்லா உரக்கச் சொல்லு. காத்துல கேக்க மாட்டேங்குது."

இளவரசி தொண்டையைச் செருமினாள். சந்தில் இருந்த அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். ஆரிப் என்ன புரிந்துகொண்டானோ, திரும்பி நின்று ஒரு அதட்டல் போட்டான். "சுப்! சப் சுப்!"

வெட்டுக்கத்திகள் நின்றன. பேரம் நின்றது. பணம் வந்து சேர்ந்ததை அறிவித்துக்கொண்டிருந்த பெட்டியின் தலையில் யாரோ ஒரு தட்டுத் தட்டி வாயை அடைத்தார்கள். அந்தச் சந்து அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

"ஒரு ஊர்ல ஒரு ஒட்டகம்," என்றாள் இளவரசி. குரல் உடைந்தது. "அதுக்கு ராஜஸ்தான் போரடிச்சுப் போச்சு. டெல்லிக்கு வந்துச்சு. கரோல் பாக் ஸ்டேஷன்ல மெட்ரோ ஏறப் போச்சு."

"சத்தமா."

"செக்யூரிட்டிக்காரன் நிறுத்திட்டான்! முதுகுல என்ன மூட்டை, எடுத்து மெஷின்ல வை அப்படின்னான்! ஒட்டகம் சொல்லுச்சு, பையா, அது மூட்டை இல்ல, நானேதான்!"

சர்தார்ஜி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஒட்டகம் டோக்கன் வாங்கியது. கழுத்து கதவில் மாட்டியது. லேடீஸ் கோச்சில் ஏறித் திட்டு வாங்கியது. கண்ணீர் மூக்கு வழியாக வாயில் இறங்கியதைத் துடைக்கக் கை இல்லை. ராஜீவ் சௌக்கில் ஒட்டகம் இறங்கத் தெரியாமல் கூட்டத்தில் மிதந்துகொண்டிருந்தபோது, ஜோதிலிங்கம் குறுக்கிட்டார்.

"வள்ளம் தீவைத் தாண்டிருச்சு. ஆளைக் காணோம்னு பயலுக இங்கன இன்னொரு போனுக்கு அடிக்கானுக. வெயிலு கண்ணைக் கூசுதாம். கயாக்கு என்ன கலரு?"

"ஏங்க, கயாக் என்ன கலர்?"

"நீலம்."

"நீலமாம் அண்ணே."

"வெளங்கிரும். கடலுக்குள்ள நீலத்தப் போட்டா எங்கன தேடுறது. சரி, அவுகள கரையப் பாக்கச் சொல்லுங்க. மாதா கோயில் கோபுரம் வெள்ளையா தெரியுதா? பக்கத்துல செல் டவரு?"

கேட்டாள். "தெரியுதாம்."

"டவரு கோபுரத்துக்கு எந்தப் பக்கம்? கைய நீட்டி, நடுவுல எத்தன வெரலு அடங்குதுன்னு பாக்கச் சொல்லுங்க."

சிவகுமார் நேரமெடுத்துக்கொண்டார். ஒரு புரளல் ஓசை, ஒரு முனகல். "டவர் இடது பக்கம். நடுவுல மூணு விரல். மூணு இருக்கும்."

"எடது பக்கம், மூணு விரல்."

அந்தப் பக்கம் யாரோ கிழவர் ஒருவரின் குரல் கேட்டது. "மூணு வெரலா? அப்பம் மேக்க ரொம்பப் போயிட்டான்டா. பவளப் பாருக்கு வெளிய. ஆழக்கடலு. பயலுகள நேரா போகச் சொல்லாத, சோத்தாங்கைப் பக்கம் திருப்பச் சொல்லு!"

ஆழக்கடல் என்ற சொல்லை இளவரசி கணவருக்குச் சொல்லவில்லை.

இரண்டு நிமிஷம். மூன்று. அவளுடைய முதுகு இற்றுவிடும் போலிருந்தது. ஆரிப் அவளது முழங்கைக்குக் கீழே ஒரு காலிப் பெட்டியை முட்டுக்கொடுத்தான்.

"எஞ்சின் சத்தம் கேக்குது," என்றார் சிவகுமார் திடீரென்று. "அரசி, கேக்குது! படகு தெரியுது!"

"தெரியுதாம் அண்ணே!"

"பயலுகளுக்குத் தெரியலையாமே. எந்திருச்சு ரெண்டு கையையும் தூக்கி ஆட்டச் சொல்லுங்க!"

"ஏங்க, ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுங்க!"

"முடியாது."

"ஆட்டுங்க! அவங்களுக்கு உங்களைத் தெரியல!"

"ரெண்டு கையும் முடியாது அரசி. ஒரு கைதான் முடியும்."

"ஏன்? அடிபட்டிருக்கா? கை உடைஞ்சிருக்கா? ஏங்க மறைக்கறீங்க?"

"உடையல. ஒரு கைதான் எடுக்க முடியும். அவ்வளவுதான்."

"போறாங்க… தாண்டிப் போறாங்க," என்றார் அடுத்த மூச்சில். அந்தக் குரலில் இருந்தது என்ன என்பதைப் பதினாலு வருஷக் குடித்தனத்தில் அவள் கேட்டதே இல்லை.

"கால்ல என்ன மாட்டியிருக்கீங்க? நீந்தறதுக்கு மாட்டுவீங்களே, வாத்துக் கால் மாதிரி? ஜனக்புரில வாங்கினீங்களே, மஞ்சளா?"

"ஒண்ணு இருக்கு. ஒண்ணு போச்சு."

"அதைக் கழட்டுங்க. ஒரு கையால உயரத் தூக்கி ஆட்டுங்க. மஞ்சள் தெரியும். ஆட்டுங்க! அண்ணே, மஞ்சள் பாக்கச் சொல்லுங்க! மஞ்சள்!"

"மஞ்சளப் பாருங்கடா!" ஜோதிலிங்கம் அடித்தொண்டையில் கத்தினார்.

காற்று. அலை. தளக், தளக். அவருடைய மூச்சு, விட்டுவிட்டு. எஞ்சின் சத்தம் அவள் காதுக்கே கேட்டது, கொசு ரீங்காரம் போல. தேய்ந்தது. இன்னும் தேய்ந்தது.

இளவரசி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவருக்குச் சொல்ல அவளிடம் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை. ஒட்டகம்கூட இல்லை.

பிறகு ரீங்காரத்தின் தொனி மாறியது. தடித்தது. பெரிதாயிற்று.

"கண்டுட்டான்!" ஜோதிலிங்கம் அலறினார். "கண்டுட்டான்மா! வள்ளத்தத் திருப்பிட்டான்! மாதாவே, கருப்பா!"

"மில் கயே? கெடச்சாச்சா?" என்றான் ஆரிப்.

அவளால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. சந்து முழுக்க ஒரு ஆரவாரம் கிளம்பியது. சர்தார்ஜி ஆரிப்பைக் கட்டிக்கொண்டார். யாரோ அவள் கையில் டீ டம்ளரைத் திணிக்கப் பார்த்தார்கள். இளவரசி சிரித்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து விக்கலாக வந்தது.

"அண்ணே, பொண்ணுகிட்டயும் சொல்லிடுங்க. அப்பா வந்துட்டார்னு. எழுந்துட்டாளா?"

ஜோதிலிங்கம் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"அண்ணே?"

"அம்மா," என்றார் அவர் மெதுவாக. "உங்க வீட்டுக்காரரு பேசுற போனக் காதுல வையுங்க. நான் சொல்லக் கூடாது."

எஞ்சின் அணைந்தது. அவளுடைய போனில் திடீரென்று பல குரல்கள். பலகையில் பிளாஸ்டிக் உரசும் ஓசை. யாரோ தண்ணீரில் குதித்தார்கள். ஒரு வாலிபக் குரல், கழுத்துக்குப் பக்கத்தில், மிகத் தெளிவாகக் கேட்டது:

"சார், கைய விடுங்க. நான் பிடிச்சுக்கிட்டேன். ஒண்ணும் ஆகாது, விடுங்க சார். வெரல ஒண்ணொண்ணா எடுடா, மனுசனுக்கு விறைச்சுப் போச்சு. சார், நீங்க அப்பறம். மொதல்ல புள்ளையக் குடுங்க."

இளவரசியின் சிரிப்பு நின்றது.

"எந்தப் புள்ளை?" என்றாள்.

அலை ஒரு தரம் மோதியது. பிறகு, போனுக்கு வெகு அருகில், இந்த ஒரு மணி நேரமும் இருந்த அதே இடத்திலிருந்து, சிந்து இருமினாள்.